கத்திரி வெயிலும் பதினோரு குஞ்சுகளும்

2024 மே மாசம், கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் பதினோரு கோழிக்குஞ்சுகள் செத்துப்போயின. நோய் இல்லை, கீரி இல்லை, பாம்பு இல்லை. நல்லது என்று நினைத்து நான் செய்த காரியங்களால் செத்தன. அதை மறைத்துவிட்டு வெயில் காலத்தில் கோழி வளர்ப்பதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடையில். மேற்கே மலை மழையை வாங்கிக்கொள்வதால் தென்மேற்குப் பருவம் எங்களுக்கு வெறும் காற்றாகத்தான் வந்து சேரும். ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லையென்றால் அந்த வருஷம் முழுக்கக் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் அங்கங்கே ஒரு வெள்வேல மரமும்தான். கொஞ்ச தூரத்தில் கரூர் பரமத்தி, கோடை வந்தால் ராத்திரிச் செய்தியில் வெயில் கணக்கு சொல்லும்போது தவறாமல் பேர் வருகிற ஊர். அந்த வருஷம் ஈரோட்டிலும் பரமத்தியிலும் 42 டிகிரியைத் தாண்டிப் போனது.

ஒரு நாள் வயசுக் குஞ்சுகள் முப்பது வாங்கி வந்திருந்தேன். கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று இருந்தது. தாளில் தப்பு எதுவும் இல்லை. நான்தான் அதில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். தகரத்தை வளைத்து வட்டம் கட்டி, உமி பரப்பி, 60 வாட் குண்டு பல்பு ரெண்டு தொங்கவிட்டு, காற்று படக்கூடாதென்று சாக்கையும் சுற்றி மூடி, சிமெண்ட் சீட்டு போட்ட தாழ்வாரத்தில் வைத்தேன். ராத்திரிக்கு அது சரி. பகலிலும் பல்பை எரியவிட்டேன்.

பன்னிரண்டரைக்குத் தட்டில் தண்ணீர் தீர்ந்திருந்தது. குழாயைத் திறந்து பிடித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். மாடியில் கறுப்பு டேங்க், அங்கிருந்து மேற்குச் சுவரோரமாக வெயிலிலேயே இறங்கி வருகிற பைப். கோடை மத்தியானத்தில் அந்தத் தண்ணீரில் நாமே கை கழுவ மாட்டோம்.

திரும்பி வந்து பார்த்தபோது குஞ்சுகள் தகரத்தின் ஓரமாக ஒட்டிக் கிடந்தன. தூங்குகின்றன என்றுதான் நினைத்தேன். தூங்குகிற குஞ்சு அப்படிக் கிடக்காது. இறக்கை உடம்பை விட்டு விலகித் தொங்கிக்கொண்டிருந்தது, அலகு திறந்திருந்தது, தொண்டைக்குழி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று தண்ணீர்த் தட்டின் விளிம்பில் தலையை வைத்தபடியே கண் மூடியிருந்தது. தட்டில் தண்ணீர் வைத்த அளவு அப்படியே இருந்தது.

அத்தை அப்போதுதான் காட்டிலிருந்து வந்தார். ஒரு பார்வைதான். பல்பு ஒயரைப் பிடுங்கினார், சாக்கை உருவி வீசினார், "பாத்துட்டு நிக்காத கண்ணு, தூக்கு தூக்கு, வேப்பமரத்துக்குத் தூக்கு" என்றார். ரெண்டு பேரும் முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் விட்டோம். பானைத் தண்ணீரை விரலில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றின் அலகிலும் வைத்தோம். பத்தொன்பது எழுந்து நின்றன. பொழுது சாய்ந்த பிறகுதான் அத்தை அதைப் பற்றிப் பேசினார். "வெயிலே அவயம் காக்குதம்மிணி. அதுக்கு மேல வெளக்கு எதுக்கு?" அவயம் என்றால் அடைகாப்பது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடே 41, 42 டிகிரி, மேலே இறகுப் போர்வை வேறு. கொண்டையிலும் தாடியிலும் ரத்தம் பாய்ந்து கொஞ்சம் சூடு வெளியேறும், இறக்கையைத் தூக்கி அடியில் காற்று விட்டுக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் வாயைத் திறந்து இரைக்கும். தொண்டையின் ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு இறங்குகிறது. அந்த ஈரத்துக்குத் தண்ணீர் வேண்டும். சுடுதண்ணீரை வைத்தால் கோழி குடிக்காது, குடிக்காவிட்டால் இரைத்தும் பயனில்லை. அன்றைக்கு என் தகர வட்டத்துக்குள் நடந்தது இதுதான். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் சித்திரை மத்தியானத்தில் எங்கள் தாழ்வாரம் பல்பே இல்லாமல் 38ல் நிற்கிறது. அதன் மேல் ரெண்டு பல்பு போட்டு, காற்றையும் அடைத்துவிட்டேன்.

இப்போது கோடைக் குஞ்சுக்குப் பகலில் பல்பே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சூடு இறங்கும்போது ஒரு 40 வாட் பல்பு, அதையும் வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், விடிந்ததும் அணைத்துவிடுவேன். தெர்மாமீட்டர் ஒன்று தொங்குகிறது, ஆனால் குஞ்சைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. வட்டம் முழுக்கப் பரவி, பாதி தின்று பாதி தூங்கிக் கீச்சுக்கீச்சென்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லை என்றால் ஓடிப்போய்ப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் இப்போது ரொம்பக் கெடுபிடி. சாதாரண நாளில் ஒரு பெரிய கோழி கால் லிட்டர் குடிக்கும் என்றால் கத்திரியில் அது அரை லிட்டருக்குப் போய்விடும். பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வாயகன்ற மண்சட்டிகள் வாங்கினேன். சட்டியைப் பாதி மண்ணுக்குள் புதைத்து, சுற்றிலும் ஆற்று மணல் போட்டு, அந்த மணலைக் காலையும் மத்தியானமும் நனைத்துவிட்டால் சட்டித் தண்ணீர் உச்சி வெயிலிலும் கைக்குக் குளுகுளுவென்று இருக்கும். ஒரே இடத்தில் வைக்காதீர்கள், நாலு இடத்தில் நாலு சட்டி வையுங்கள், ஏனென்றால் சேவலும் மூத்த கோழியும் ஒரு சட்டியைப் பிடித்துக்கொண்டால் இளசான வெடைக்கோழிகள் கிட்டே வரப் பயந்துகொண்டு தாகத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். குஞ்சுச் சட்டியில் கூழாங்கல் போடவேண்டும், இல்லையென்றால் உள்ளே விழுந்து நனைந்துவிடும். புதிதாக வந்த குஞ்சுக்கு முதல் நாள் கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீர். குழாயில் பிடிப்பதாக இருந்தால் முதல் ரெண்டு குடம் முருங்கை மரத்துக்கு, மூன்றாவது குடம்தான் கோழிக்கு. ஊற்றுவதற்கு முன்னால் கையை விட்டுப் பார்க்காமல் நான் இப்போது ஒரு சட்டியையும் நிரப்புவதில்லை.

இதில் பாதி என் தம்பி சொன்னது. அவன் சவுதியில், ரியாத்துக்குத் தெற்கே அல் கர்ஜ் பக்கம் ஒரு பண்ணையில் வேலை செய்கிறான். அது நிஜமான பாலைவனம். ஆனி ஆடியிலெல்லாம் அங்கே 43 டிகிரி என்பது சாதாரண நாள். அங்கேயும் பேரீச்ச மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருக்கிறான், ஊர்ப் பழக்கம் விடவில்லை. குஞ்சு செத்த அன்றைக்கு ராத்திரி போனில் அழுதபோது அவன்தான் பொறுமையாகச் சொன்னான்: "அக்கா, இங்க காத்து காஞ்ச காத்து. சாக்க நனைச்சுக் காத்து வர்ற பக்கம் தொங்கவுட்டா உள்ள ஜில்லுனு ஆயிருது. ஆனா நாலு பக்கமும் மூடி வெச்சுட்டு உள்ள தண்ணி தெளிச்சுப்போடாத, புழுங்கிப்போயிரும்." யோசித்துப் பார்த்தால் நம் ஊரும் கோடையில் ஏறக்குறைய அப்படித்தான், கடலோரம் மாதிரி கசகசப்பு இல்லை, வறண்ட காற்று. ஈரம் சீக்கிரம் ஆவியாகும், ஆவியாகிற இடம் குளிரும். காற்று ஓடவேண்டும் என்பதுதான் நிபந்தனை. இப்போது கோழிக் கொட்டகையின் மேற்குப் பக்கத்தில் பன்னிரண்டு மணிக்கு ரெண்டு சாக்கை நனைத்துத் தொங்கவிடுகிறேன், கிழக்குப் பக்கத்தை வலை மட்டும் அடித்துத் திறந்து விட்டிருக்கிறேன்.

கொட்டகையையே மாற்றிக் கட்டவேண்டி வந்தது. முன்பு இருந்தது தெற்கு வடக்காக நீளம், சாயங்கால வெயில் முழுசாகச் சுவரில் அடிக்கும். இப்போது கிழக்கு மேற்காக நீளம், குறுகின பக்கம்தான் வெயில் பார்க்கிறது. சீட்டின் மேலே தென்னங்கீற்று ரெண்டு அடுக்கு. நாமக்கல் பக்கம் பெரிய பண்ணைகளில் கூரை மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள், நமக்கு அவ்வளவு தண்ணீர் ஏது, கீற்றே போதும். ஆனால் உண்மையைச் சொன்னால் என் கோழிகள் பகலில் கொட்டகைப் பக்கமே போவதில்லை. வேப்பமரத்தடியில் காலால் பறித்துப் பறித்துக் குழி போட்டு, அடி மண்ணின் குளிர்ச்சியில் வயிற்றை வைத்துக்கொண்டு படுத்துவிடும். அந்தக் குழியில்தான் புழுதிக் குளியலும். அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய் அதில் கொட்டிவிடுங்கள், பேன் தொல்லை தன்னால் குறையும். முற்றம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று குழியை மூடி சிமெண்ட் போட்டுவிடாதீர்கள். மரம் இல்லாத இடத்தில் கோடைக் கோழி வளர்க்க ஆசைப்பட்டால் முதலில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றுங்கள், அடுத்த வருஷம் கோழி வாங்கலாம்.

தீனிக்கும் நேரம் இருக்கிறது. தின்றது செரிக்கும்போது உடம்புக்குள் சூடு பிறக்கும், பத்து மணிக்குத் தீனி போட்டால் அந்தச் சூடும் வெயிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அதனால் விடியற்காலை ஐந்தரைக்கே கம்பும் சோளக் குருணையும், அப்புறம் சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் அடுத்தது. நடுவில் வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணித் தோல், முருங்கைக்கீரை என்று ஈரமாக எதையாவது போடுவதோடு சரி. கோடையில் முட்டை ஓடு காகிதம் மாதிரி மெலிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இரைத்து இரைத்துக் கரியமில வாயுவை வெளியே விட்டுவிடுவதால் ஓடு கட்டுவதற்கு வேண்டிய சத்து ரத்தத்தில் குறைந்துவிடுகிறது, தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகும் என்பதால் கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியோடு வைக்கிறேன்.

குஞ்சுக்குச் சத்தான தீனி என்றால் எனக்குக் கறையான்தான் முதலில் ஞாபகம் வரும். இதை அத்தையிடம் கற்றுக்கொண்டேன். ஓட்டைப் பானை ஒன்றை எடுத்து, உள்ளே காய்ந்த சாணி, சோளத்தட்டுத் துண்டு, கிழிந்த சாக்கு, கொஞ்சம் கடலைத் தொலி எல்லாம் திணிக்கவேண்டும். மேலே தண்ணீர் தெளித்து, பொழுது சாய்கிற நேரத்தில் வேலியோரம் கறையான் நடமாட்டம் இருக்கிற மண்ணை லேசாகக் கொத்திவிட்டு அதன் மேல் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். விடிவதற்குள் பானைக்குள் வெள்ளைவெளேரென்று ஏறியிருக்கும். வெயில் ஏறினால் இறங்கிப் போய்விடும், அதனால் ஆறு மணிக்குள் எடுத்துவிடவேண்டும். அத்தை பானையைத் தூக்கும்போதே தாய்க்கோழிக்குத் தெரிந்துவிடும். கவிழ்த்து மூடுகிற கூடையான கொடாப்புக்குள் நிலைகொள்ளாமல் கொக்கரிக்கும். கொடாப்பைத் தூக்கிவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும், குஞ்சுகள் சாணித் துண்டின் மேலேயே ஏறி நின்றுகொண்டு கொத்தும், தாய் ஒன்றைக் கூடத் தின்னாமல் பெரிய கட்டியை உடைத்து உடைத்து "க்ளுக் க்ளுக்" என்று கூப்பிடும். பத்து நிமிஷத்தில் சுத்தமாகிவிடும். அதற்கப்புறம் எல்லாம் சட்டிக்கு வரிசையாகத் தண்ணீர் குடிக்க வரும், ஒவ்வொரு மிடறுக்கும் தலையை மேலே தூக்கிக்கொண்டு.

தாய்க்கோழி வைத்துப் பொரிப்பதாக இருந்தால் தை, மாசிதான் நல்ல காலம். சித்திரையில் அவயம் வைக்க வேண்டாம் என்று அத்தை சொல்வார், நானும் ஒரு தடவை கேட்காமல் வைத்துப் பார்த்தேன், பத்து முட்டையில் மூன்றுதான் பொரித்தது, மற்றதெல்லாம் கூமுட்டை மாதிரி ஆடியது. உடைத்துப் பார்த்தால் சிலதில் ரத்தக் கோடு ஓடி நின்றுபோயிருந்தது. முட்டையை நாம் சும்மா வைத்திருந்தாலே வீட்டுச் சூட்டில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துவிடும், அப்புறம் வளரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் செத்துப்போகும். அதனால் அடைக்கு வைக்கப்போகிற முட்டையைக் கோடையில் நாலு நாளைக்கு மேல் சேர்க்கக்கூடாது. அதையும் ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள், மேலே மெல்லிய துணி கட்டி வீட்டின் இருட்டு மூலையில் வைக்கவேண்டும். ஆகாரத்துக்கு வைக்கிற முட்டையும் சூட்டில் கெட்டுப்போகும், அதையும் குளிர்ச்சியான இடத்தில்தான் வைக்கவேண்டும்.

என்ன கோழி வளர்க்கலாம் என்று கேட்டால் எனக்குச் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி ரகம்தான். உடம்பு சின்னது, சீக்கிரம் நிழல் தேடும், அடையும் நன்றாகப் படுக்கும், பருந்து நிழல் விழுந்தாலே குஞ்சைக் கூப்பிட்டு ஒளித்துக்கொள்ளும். எடை போட்ட கறிக்கோழிக் குஞ்சை முற்றத்தில் விட்டு வளர்க்கிறேன் என்று கோடையில் இறங்காதீர்கள், பாவம், அது நிழலுக்கு நடந்து போவதற்குள்ளேயே களைத்துவிடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய். ராணிக்கெட் என்று சொல்கிறார்களே அதுதான். உத்தரகண்ட் மலையில் இருக்கிற குளிரான ஊரின் பேர் அது, ஆனால் நம் வெயிலில் வந்தால் ஒரு தெருவையே காலி செய்துவிட்டுப் போகும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பதை நானும் செய்கிறேன், ஆனால் அது தடுப்பூசிக்குப் பதில் ஆகாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி, இந்த ரெண்டையும் விடாதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கோடையில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மருந்து உயிருள்ள மருந்து, சூட்டில் வீரியம் போய்விடும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொபட்டில் ஒரு மணி நேரம் வந்தால் குஞ்சுக்குப் போடுவது வெறும் தண்ணீர்தான். ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் எடுத்து வாருங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால் கலக்குங்கள், கலக்கிய உடனே போட்டு முடியுங்கள்.

போன கோடையில் எங்கள் சாம்பல் நிறக் கோழி ஒன்று வைக்கோல்போருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது. வேலிக் கதவை யாரோ சாத்திவிட்டிருந்தார்கள். நான் பார்க்கும்போது கழுத்தை நீட்டி மண்ணில் போட்டிருந்தது, கொண்டை கறுத்திருந்தது, தூக்கினால் உடம்பு அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது. ஐஸ் தண்ணீரில் போடக்கூடாது, அதிர்ச்சியிலேயே போய்விடும். அண்டாவில் இருந்த பானைத் தண்ணீரில் கழுத்து வரைக்கும் அமுக்கிப் பிடித்தேன். இறகுக்கு அடியில் கையை விட்டு விட்டுத் தண்ணீரை உள்ளே போகவைத்தேன், வெளி இறகு நனைந்தால் மட்டும் போதாது. முதலில் துவண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் காலால் அண்டாவை உதைத்தது. அப்புறம் நிழலில் விட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்த தண்ணீரை அலகில் தொட்டு வைத்தேன். அன்றைக்கு முழுக்க மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் முட்டை வைக்கவில்லை.

இந்த வருஷம் அந்தச் சாம்பல் கோழியைத்தான் மாசியில் அவயம் வைத்தோம். பத்து முட்டை, ஒன்பது குஞ்சு. ஒன்றைப் பருந்து கொண்டுபோய்விட்டது. மீதி எட்டும் இப்போது இறகு முளைத்துக் கழுத்து நீண்டு, கத்திரி பிறந்த பிறகும் தாயின் பின்னாலேயே வேப்பமரத்துக்கும் சட்டிக்கும் நடந்துகொண்டிருக்கின்றன. நேற்று மத்தியானம் ரெண்டு மணிக்குத் தண்ணீர் மாற்றப் போனபோது எட்டும் ஒரே குழிக்குள் தாயின் இறக்கையோரம் நெருக்கிப் படுத்திருந்தன. நின்று எண்ணினேன். ஒன்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது, அலகும் மூடித்தான் இருந்தது. சட்டியைக் கழுவி நிரப்பி, மணலை நனைத்துவிட்டு வந்தேன். அத்தை திண்ணையிலிருந்து, "எட்டும் இருக்குதா கண்ணு?" என்றார்.

"இருக்குதுங்கத்தை."

"சாயங்காலம் பானை கவுக்கோணும், சாணி காஞ்சதா ரெண்டு எடுத்து வெய்யி."